யாழ்ப்பாணம்னு சொல்லு, மாப்ள!

"யாழ்ப்பாணம்" என்று நாலாவது முறையாகச் சொல்லிக் கொடுத்தார் மகுடேஸ்வரன். "எங்கே, சொல்லு மாப்ள."

"யாழ்ப்பாணம்" என்றான் அருண்குமார்.

"எந்த ஊர்ல இருந்து பேசறே?"

"பல்லடத்துல இருந்துங்க மாமா."

மகுடேஸ்வரன் கண்ணை மூடித் திறந்தார்.

"பல்லடத்துக்காரன்கிட்டப் பேசறதுக்கு ரேடியோ எதுக்குடா? நீ யாழ்ப்பாணத்துக்காரன். பேரு சிவநேசன். அங்கே வாத்தியார். எழுத்துத் தமிழ்ல பேசோணும். கொங்குத் தமிழ் ஒரு சொட்டு வரக்கூடாது. எங்காச்சும் ஒரு 'ங்க' போட்டே, நான் செத்தேன்."

"சரிங்க மாமா."

"பாத்தியா!"

அருண்குமார் அவருடைய மனைவி அனுசுயாவின் தம்பி. சாயப்பட்டறையில் வேலை. கோயில் நோம்பி வந்தால் மேடையில் மிமிக்ரி. குரல் மாற்றுவதில் கெட்டிக்காரன்தான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னபடி சொன்னான் என்ற சரித்திரமே கிடையாது. போன வருடம் நாடகத்தில் அவனுக்குப் போலீஸ்காரர் வேடம். "ஐயா, தந்தி வந்திருக்கிறது" என்று ஒரே ஒரு வசனம். பயல் தந்தியைக் கொடுத்துவிட்டு, தன் குடும்பக் கஷ்டத்தை இருபது நிமிடம் சொல்லி அழுது, கைதட்டலும் வாங்கிக்கொண்டுதான் மேடையை விட்டு இறங்கினான்.

அப்படிப்பட்டவனை நம்பித்தான் மகுடேஸ்வரன் தன் மானத்தை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கையடக்க ரேடியோ ஒன்று, பேச வேண்டிய வசனம் எழுதிய தாள் ஒன்று. பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் சூப்பர்வைசர். கைக்குக் கிடைத்த பெட்டியை டேப் ஒட்டாமல் விட அவருக்கு வராது. ரோட்டர்டாமுக்குக் கப்பலில் போகிற பெட்டி மாதிரி நாலு சுற்று சுற்றி ஒட்டினார்.

"நாளைக்குக் காலையில பத்தரைக்கெல்லாம் பொங்கலூர் போயிரோணும். முகாம் நடக்கற தோப்புல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, உன்ற சினேகிதன் தோட்டம் இருக்குதில்ல, அங்கே உக்காரு. பக்கத்துல தறிக்கொட்டாய் இருக்குது, அதுகிட்டப் போயிராதே. சத்தம் காட்டிக் குடுத்துரும். போனை ஆஃப் பண்ணி வெச்சுரு. நடுவுல மணி அடிச்சுதுன்னா மானம் கப்பலேறிரும்."

"கவலைய உடுங்க மாமா. பட்டையக் கெளப்பிரலாம்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் மகுடேஸ்வரனுக்குப் போன வருடத்துத் தந்திதான் ஞாபகம் வந்தது.

இந்த வம்பு ஒன்பது வருடங்களுக்கு முன் ஆரம்பித்தது. பரீட்சை எழுதி, சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, ஆசை ஆசையாக ஒரு ரேடியோ செட்டும் வாங்கி, வீட்டு மாடியில் ஏரியல் கம்பி கட்டி உட்கார்ந்தார் மனிதர். "சீக்யூ, சீக்யூ" என்று கூப்பிட வேண்டும். அப்படியென்றால் யாராவது இருக்கிறீர்களா, பேசலாமா என்று அர்த்தம். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் இன்னொரு பைத்தியம் அதைக் கேட்டுப் பதில் சொல்லும். அதுதான் அமெச்சூர் ரேடியோ.

கூப்பிட்டார். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு வருடம். ஒரு ஈ காக்கை பதில் சொல்லவில்லை. நாலு பக்கமும் கம்பெனி, மோட்டார், இன்வெர்ட்டர். செட்டைத் திறந்தால் இரைச்சல்தான். போதாக்குறைக்கு அந்தக் கம்பியில் அனுசுயா ஈரத்துணி காயப்போட்டாள். சொன்னால், "சும்மாதான கெடக்குது?" என்பாள்.

பேசியவர்களுக்கு நினைவாக அஞ்சலில் அனுப்புவதற்கென்று, பனியனுக்கு டேக் அடிக்கும் அச்சகத்தில் முந்நூறு அட்டை வேறு அச்சடித்து வைத்திருந்தார். அதில் இரண்டு மட்டும் உபயோகப்பட்டன. கட்டில் ஆடியபோது அனுசுயா மடித்துக் காலுக்கு அடியில் வைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. மகள் கீதாஞ்சலி ஆறு வயதில் ஒரு நாள் மாடிக்கு வந்து, "இன்னைக்கு யார்கூடப் பேசுனீங்கப்பா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து 'யாரும் பேசல கண்ணு' என்று சொல்ல வாய் வரவில்லை. "ஜப்பான்" என்று சொல்லித் தொலைத்தார். மறுநாள் பிரேசில். அப்புறம் ஃபிஜி. அவள் எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் நாற்பது நாடாகிவிட்டது. வீட்டுச் சுவரில் ஒரு உலகப் படம் ஒட்டி, அவர் சொன்ன ஊருக்கெல்லாம் குழந்தை சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் சோறு சாப்பிடும்போது அந்தப் பொட்டுகளுக்கு எதிரில்தான் உட்கார வேண்டும். வெட்கக்கேடு, வேறென்ன!

கீதாஞ்சலி பள்ளிக்கூடத்துச் சாரணியர் படையில் இருந்தாள். சாரண ஆசிரியர் ராபினிடம் பெருமை பேசிவிட்டாள். ராபின் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். உலகம் முழுக்கச் சாரணப் பிள்ளைகள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் வாரக் கடைசி வருகிறதாம், பொங்கலூரில் தென்னந்தோப்பில் இரண்டு நாள் முகாமாம், சார் வந்து பிள்ளைகளுக்கு ஒரு வெளிநாட்டோடு பேசிக் காட்ட வேண்டுமாம்.

"நாப்பது நாட்டோட பேசுன மனுசன், நாப்பத்தொண்ணாவது எங்க பிள்ளேளுக்காவப் பேசக்கூடாதா சார்?" என்றார் ராபின். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

கீதாஞ்சலி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்னங்க, பேசீரலாம்" என்றார் மகுடேஸ்வரன்.

இப்போது புரிகிறதா, யாழ்ப்பாணம் எங்கிருந்து வந்தது என்று?

அருண்குமாரை அனுப்பிய கையோடு, நடந்த பேச்சையெல்லாம் குறித்து வைக்கும் நோட்டை எடுத்தார். 'ஞாயிறு, காலை 11.00, யாழ்ப்பாணம், சிவநேசன், குரல் மிகத் தெளிவு' என்று எழுதி முடித்தார். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரரின் ஆள் வந்து சரக்கைப் பார்ப்பதற்கு முதல் நாளே ரிப்போர்ட் எழுதி முடித்துவிடுகிற கம்பெனிப் பழக்கம். கை தானாக எழுதிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை தோப்புக்குப் போய் இறங்கினார். முப்பது பிள்ளைகள் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி வரிசையாக நின்று சல்யூட் அடித்தன. கல்லில் கயிறு கட்டி வீசி, இரண்டு உயரமான தென்னைகளுக்கு நடுவில் அவர் கொடுத்தனுப்பிய கம்பியை விறைப்பாக ஏற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு முடிச்சுகூட அவிழாது, அவ்வளவு நேர்த்தி. துணி காயப்போடாத கம்பியை மகுடேஸ்வரன் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஏல முனீஸு, கம்பியத் தொடாத. சார், வாங்க. பிள்ளேள்லாம் விடியக்காலையில இருந்து காத்துக் கெடக்கு" என்றார் ராபின்.

அந்தச் செட்டில் ஒரு பட்டன் உண்டு. ஒரு தரம் அமுக்கினால் பக்கத்து ஊர்களோடு பேசும் வரிசை. மறுபடி அமுக்கினால் கடல் தாண்டிப் பேசும் வரிசை. ஒன்பது வருடமாகக் கடல் வரிசையிலேயே வைத்து அனாதையாகக் கத்தியவர், இன்றைக்கு அருண்குமாருக்காகப் பக்கத்து வரிசைக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதை யாரும் பார்த்துவிடக்கூடாது. கீதாஞ்சலி பக்கத்திலேயே நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினார். அமுங்கியதா, இல்லையா? சந்தேகம் வந்து இன்னொரு தரம் அமுக்கினார். வெயிலில் செட்டின் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. சரி, ஆண்டவன் விட்ட வழி.

"சீக்யூ, சீக்யூ. இந்தியா, தமிழ்நாட்டிலிருந்து சாரணர் முகாம் அழைக்கிறது. யாராவது கேட்கிறீர்களா? ஓவர்."

இரைச்சல்.

இன்னொரு முறை கூப்பிட்டார். இரைச்சல். பின்வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். 'தூங்கீட்டானா படுபாவி?' என்று மனசுக்குள் அருண்குமாரைத் திட்டிக்கொண்டே மூன்றாம் முறை கூப்பிட்டார்.

"வணக்கம், தமிழ்நாடு! வணக்கம்!"

வாத்து பேசுவதுபோல ஒரு மூக்குக் குரல் செட்டிலிருந்து கிளம்பியது. பிள்ளைகள் "ஏ...!" என்று துள்ளிக் குதித்தார்கள். ராபின் கைதட்டினார். மகுடேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரவாயில்லையே, குரலை என்னமாய் மாற்றியிருக்கிறான்! ஒரு 'ங்க'கூட இல்லை.

"வணக்கம்! உங்கள் பெயரும் ஊரும் சொல்லுங்கள். ஓவர்."

"என் பெயர் இலெட்சுமணன். நான் ஓர் ஆசிரியர். மலேசியாவில் தைப்பிங் நகரத்திலிருந்து பேசுகிறேன். ஓவர்."

மகுடேஸ்வரனின் கையில் மைக் அப்படியே நின்றது.

தைப்பிங்கா? வாத்தியார் வரைக்கும் சரி. பேரையும் ஊரையும் கோட்டை விட்டுவிட்டானே! நாலு முறை சொல்லிக் கொடுத்தேனே!

"மலேசியா! மலேசியா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். கீதாஞ்சலி ஓடிப்போய் நோட்டைத் திறந்தாள். "அப்பா, நான் எழுதட்டுங்களா?" என்றவள் பக்கத்தைப் பார்த்து நின்றாள்.

"அப்பா, இங்க யாழ்ப்பாணம்னு ஏற்கெனவே எழுதியிருக்குதுங்கப்பா. பதினொரு மணின்னு. இன்னைக்குத் தேதி போட்டு."

"அது வந்து கண்ணு... அது..." என்றார் மகுடேஸ்வரன். முகம் குப்பென்று வியர்த்தது. யாழ்ப்பாணத்தை யாழ்ப்பாணமாகவே ஆக்கிவிட்டால் தீர்ந்தது பிரச்சினை. மைக்கை எடுத்தார்.

"ஐயா, நீங்கள் இருப்பது யாழ்ப்பாணம்தானே? ஓவர்."

"இல்லை ஐயா. தைப்பிங். ஓவர்."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஓவர்."

பிள்ளைகள் செட்டுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தார்கள்.

"ஐயா, நான் பிறந்ததே இங்கேதான். ஓவர்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராபின், "சார் தமாஷா பேசுதாரு" என்று அவர்களுக்கு விளக்கினார். மகுடேஸ்வரனும் சிரித்து வைத்தார். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. மேடை கிடைத்தால் விடமாட்டானே இவன்! ஒரு பக்கமாகத் திரும்பி அருண்குமாரின் போனுக்கு அடித்துப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப். அந்த ஒன்றை மட்டும் சொன்னபடி செய்திருக்கிறான்.

"சார், நான் ஒண்ணு கேக்கட்டா?" என்று முனீஸ் முன்னால் வந்தான். ராபின் மைக்கை வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டார்.

"உங்க ஊர்ல இப்ப மணி என்ன? ஓவர்!"

"ஒன்று நாற்பது தம்பி. ஓவர்."

முனீஸ் மகுடேஸ்வரனின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். பதினொன்று பத்து. மகுடேஸ்வரன் பல்லைக் கடித்தார். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே மணிதான், யோசிக்கவே வேண்டாம் என்றுதானே அந்த ஊரைப் பிடித்தோம்? இவன் தன் இஷ்டத்துக்கு மணியைத் தள்ளி வைத்துக்கொண்டு போகிறான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குரலுக்குப் பின்னால் சடசடவென்று மெதுவாக ஆரம்பித்து, வரவரப் பெரிதாகி, கடைசியில் தடதடதடவென்று ஒரே பேரிரைச்சல். பல்லடம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த காது எதை மறந்தாலும் அந்தச் சத்தத்தை மறக்குமா? தறி! போகாதே போகாதே என்று சொன்னேன், தறிக்கொட்டாய்க்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறான்!

"அது என்ன சத்தம்? ஓவர்" என்றான் முனீஸ்.

மகுடேஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கவும் தம்பி. இங்கே நல்ல மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுகிறது. ஓவர்."

அடேயப்பா! எமகாதகன்! மகுடேஸ்வரன் ஒரு கணம் தன்னை மறந்து மைத்துனனை மெச்சினார். தறிச் சத்தத்தை மழையாக்கிவிட்டான் பார்!

ஆனால் அந்த நிம்மதி அரை நிமிடம்தான் நீடித்தது. செட்டிலிருந்து திடீரென்று ஒரு கும்பலே கத்தியது: "வணக்கம்!" சின்னப் பிள்ளைகளின் குரல். இருபது முப்பது இருக்கும்.

"எங்களுடையதும் சாரணர் முகாம்தான்" என்றது வாத்துக் குரல். "எங்கள் மாணவர்கள் உங்கள் மாணவர்களோடு பேச வரிசையில் நிற்கிறார்கள். ஓவர்."

மகுடேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. தறிக்கொட்டாயில் விளையாடுகிற பொடிசுகளையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு கச்சேரி நடத்துகிறானா? நாளைக்கே பொங்கலூர் முழுக்கப் பேசுவார்களே! முனீஸிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"பொடுசுகளை எதுக்குடா கூட்டியாந்தே?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் மைக் திறந்திருப்பது தெரிந்தது. ராபின் புருவத்தைத் தூக்கினார்.

"மன்னிக்கவும் ஐயா" என்றது குரல், மிகவும் பணிவாக. "கடைசியாகச் சொன்னது விளங்கவில்லை. ஓவர்."

"பிள்ளைகளை... பிள்ளைகளைக் கூட்டி வந்ததற்கு நன்றி என்றேன். ஓவர்" என்று வழிந்தார் மகுடேஸ்வரன்.

அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் மைக்குக்கு அடித்துக்கொண்டார்கள். முனீஸ் ஒரு பெண்ணோடு பேசினான். அவள் ஷூ மழையில் நனைந்துவிட்டதாம், அம்மா திட்டுவாளாம். முனீஸும் தன் ஷூவைப் பற்றிச் சொன்னான். ஜோதிகா என்ற சிறுமி ஒரு பாட்டு பாடினாள். அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது. ராபினுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு கையில் செல்போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே இன்னொரு போனில் தலைமையாசிரியையிடம் பேசினார்.

"ஆமா டீச்சர், மலேசியா! சத்தியமா மலேசியா! சர்டிஃபிகேட்ல அப்பிடியே போட்டுருவோம். பத்திரிகைக்காரரு சாயந்தரம் வாராரு. எல்லாம் நம்ம கீதாஞ்சலி அப்பாவாலதான்."

ஒவ்வொரு வார்த்தையும் மகுடேஸ்வரனின் முதுகில் விழுந்தது. முப்பது பிள்ளைகள் கையில் முப்பது சர்டிஃபிகேட். அத்தனையும் பொய். அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் அம்மாக்களும் கம்பெனி விட்டு வந்து அதைத் துடைத்து வைப்பார்கள். இதுவரைக்கும் தன் வீட்டுச் சுவரில் மட்டும் இருந்த பொட்டு, இனி ஊர்ச் சுவரிலெல்லாம். மனிதருக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது.

கடைசியாக கீதாஞ்சலி மைக்கை வாங்கினாள்.

"ஐயா, என்ற பேரு கீதாஞ்சலி. உங்களக் கூப்பிட்டது எங்கப்பாதானுங்க. உங்களுக்கு எங்கப்பாவ முன்னாடியே தெரியுங்களா? ஓவர்."

"இல்லை அம்மா. இன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். ஓவர்."

'அக்காவைக் கட்டிக் கொடுத்துப் பதினாறு வருஷமாச்சு, முதல் முறையாம்' என்று முனகிக்கொண்டார் மகுடேஸ்வரன்.

"எங்கப்பா நாப்பது நாட்டோட பேசியிருக்காருங்க. நீங்க நாப்பத்தொண்ணு. எங்கப்பா குரல் உங்களுக்கு நல்லாக் கேக்குதுங்களா? ஓவர்."

"மிகத் தெளிவாகக் கேட்கிறது அம்மா. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. உங்கள் அப்பாவின் குரலைக் கேட்டதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஓவர்."

கீதாஞ்சலி திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் நின்றது அந்தக் குழந்தைக்கு.

'மிகத் தெளிவாகக் கேட்கிறது.' அந்த வசனம் தாளில் இருந்தது. நேற்று அவரே உட்கார்ந்து, தன் கையால், தன்னைப் பற்றித் தானே எழுதியது. ஒன்பது வருடமாக யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய அந்த ஒரு வாக்கியத்தை, மைத்துனனுக்கு எழுதிக் கொடுத்து மகளிடம் சொல்ல வைத்திருக்கிறார். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தோன்றியது.

"ஐயா, உங்கள் முகவரியைக் கொடுத்தால் நான் ஓர் அட்டை அனு..."

மகுடேஸ்வரன் பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார். செட்டின் விளக்கு அணைந்தது.

"என்ன சார் ஆச்சு? ஒயரு போச்சா?" என்று ஓடி வந்தார் ராபின்.

"பொய்யிங்க சார்."

"எது?"

"எல்லாம். அது மலேசியா இல்லீங்க. என்ற மச்சினன் அருண்குமார். ரெண்டு கிலோமீட்டர் தள்ளித் தறிக்கொட்டாய்க்குப் பக்கத்துல உக்காந்துட்டு மிமிக்ரி பண்றான். நாந்தான் சொல்லிக் குடுத்து அனுப்புனேன். யாழ்ப்பாணம்னு சொல்லச் சொன்னேன், அதைக்கூட அந்த நாய் ஒழுங்காச் சொல்லல." அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "பசங்களா, என்னைய மன்னிச்சுருங்க."

ராபின் கையிலிருந்த போனைத் தாழ்த்தினார்.

"அப்ப அந்த நாப்பது நாடுங்கப்பா?" என்றாள் கீதாஞ்சலி.

"ஒண்ணுகூட இல்ல கண்ணு. ஒன்பது வருசத்துல ஒருத்தருங்கூட எனக்குப் பதில் சொன்னதில்ல."

கீதாஞ்சலி நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, தென்னை மரத்தடியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ராபின் திட்டவில்லை. செல்போனில் எடுத்த வீடியோவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தார். தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, "இல்ல டீச்சர், சின்னக் கொளறுபடி. பத்திரிகைக்காரர வர வேண்டாம்னுருங்க" என்றார். அப்புறம் ஒரு டம்ளரை நீட்டினார். "டீ குடிங்க சார்."

அந்த டீயை வாங்கும்போது மகுடேஸ்வரனுக்குக் கை கூசியது.

"சார், அப்ப நான் பேசுன அந்தப் புள்ள?" என்று கேட்டான் முனீஸ்.

"தறிக்கொட்டாய்ல வேலை செய்யறவங்க ஊட்டுப் புள்ளையா இருக்கும் தம்பி."

"அந்தப் புள்ளைக்கு ஷூ நனைஞ்சிருச்சே சார். மழை பேஞ்சுச்சே."

"மழை இல்ல தம்பி. அது தறிச் சத்தம். நான் பொறந்ததுல இருந்து கேக்கற சத்தம், எனக்குத் தெரியாதா?"

முனீஸ் தலையைச் சொறிந்தான். "எங்கம்மாவும் இங்கன தறிக்குத்தான் சார் போகுது. ஞாயித்துக்கெழம தறி ஓடாதுல்ல சார்?"

"ஏல, சும்மா கெடல. அவரே நொந்து போயி இருக்காரு" என்று ராபின் அவனை அதட்டி அந்தப் பக்கம் அனுப்பினார்.

பிள்ளைகள் சத்தமில்லாமல் முடிச்சுகளை அவிழ்த்துக் கம்பியை இறக்கினார்கள். காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏற்றிய கம்பி. ஜோதிகா அதை வளையமாகச் சுற்றி அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். மகுடேஸ்வரன் செட்டைத் துணியில் சுற்றினார். இனி இதைத் திறப்பதில்லை, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தை யார் கிழிப்பது என்றுதான் தெரியவில்லை. அவர் கிழிப்பதா, அவளே கிழித்துவிடுவாளா?

அப்போது தோட்டத்து மண்பாதையில் ஒரு உருவம் தெரிந்தது. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்ட, மூச்சு வாங்க வந்தான் அருண்குமார்.

பார்த்ததும் மகுடேஸ்வரனுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து ஓடினார். என்ன ஆகுமோ என்று ராபினும் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். கீதாஞ்சலி மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தாள்.

"வாடா! வா மகராசா! யாழ்ப்பாணம்னு நாலு வாட்டி சொன்னேனா இல்லையா? தைப்பிங்கு எங்கிருந்துடா வந்துது? இலெட்சுமணனாமா! மணி ஒண்ணு நாப்பதாமா! தறிகிட்டப் போகாதேன்னா, அங்கயே போயி உக்காந்துட்டு மழைங்கறே? பத்தாததுக்கு ஊர்ப் பொடுசுகளையெல்லாம் வேற கூட்டி வெச்சுட்டு! உன்ற நடிப்பைக் காட்ட வேற எடம் கெடைக்கலியா? என்ற புள்ள என் மூஞ்சியப் பாக்கலைடா!"

அருண்குமார் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டான். ஒரு பையன் நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தான். மாமாவின் முகத்தையும் சுற்றி நின்றவர்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒன்றும் விளங்காதவனாகக் கேரியரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, நாலு சுற்று டேப் ஒட்டிய அந்த அட்டைப் பெட்டியை அவர் கையில் கொடுத்தான்.

"என்னங்க மாமா சொல்றீங்க? பல்லடத்துலயே வண்டி பஞ்சராயி, காலையில இருந்து தள்ளீட்டு இப்பத்தான் வந்து சேர்றேன், நீங்க ஒட்டுன டேப்பைக்கூட இன்னும் பிரிக்கலீங்களே!"